பெட்டியில் ஆயிரம், புதரில் நானூறு: மலிவு விலை ரேஞ்ச்ஃபைண்டரை வேட்டைக்கு முன் சோதிக்கும் முறை

நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பை 40 மீட்டருக்குக் குறிவைத்து எய்கிறீர்கள். மான் நிற்பதோ 44 மீட்டரில். அம்பு ஏறத்தாழ 12 செ.மீ. தாழ்ந்து படும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியின் விட்டம் சுமார் 20 செ.மீ. அதாவது நடுவிலிருந்து கீழே 10 செ.மீ. வரைதான் இடம். நாலு மீட்டர் தவறான கணக்குக்கு அந்த உயிர் மார்புத் தசை கிழிந்தோ கால் எலும்பு முறிந்தோ ஓடிப்போய், எங்கோ புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். உரிமத்தோடு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் வேட்டையாடுபவர் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற லேசர் கருவியால் தொலைவை அளந்தே தீர வேண்டும் என்பது இதனால்தான். அளவே காட்டாத கருவியைவிட, தவறான அளவைத் தயங்காமல் காட்டும் கருவி ஆபத்தானது. மலிவான கருவியை வாங்கலாம். சோதிக்காமல் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கருவிக்குள் நடப்பது எளிய விஷயம். கண்ணுக்குத் தெரியாத 905 நானோமீட்டர் அலைநீள லேசர் துடிப்பு ஒன்று கிளம்பி, பொருளில் பட்டுத் திரும்புகிறது. மீட்டருக்கு 6.7 நானோநொடி வீதம் போய்வரும் நேரத்தைக் கணக்கிட்டுத் தொலைவைச் சொல்கிறது. ஆகவே எவ்வளவு தூரம் அளக்கும் என்பது எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் எண், சாலைப் பலகை போல ஒளியை அப்படியே திருப்பும் பரப்புக்கானது. மானின் மங்கலான பழுப்புத் தோலில் அந்த எண்ணில் பாதி கிடைத்தாலே நல்ல கருவி. உச்சி வெயிலில் இன்னும் குறையும், ஏனென்றால் சூரிய ஒளியின் இரைச்சலில் திரும்பி வரும் துடிப்பு அமிழ்ந்துவிடும். கையேட்டில் ‘மான்’ என்று தனி எண் இருந்தால் அதை மட்டும் நம்புங்கள். அது இல்லாவிட்டால், ஆயிரம் என்றிருப்பதை நானூறு என்று வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்குங்கள்.

சோதனைக்குத் தேவை ஒரு பழைய சணல் சாக்கு, 50 மீட்டர் நாடா, இரண்டு கழிகள், ஒரு நோட்டு. சாக்கை 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரத்தில் கழிகளுக்கு இடையே கட்டினால் மானின் பக்கவாட்டு உடலுக்கு ஓரளவு ஈடாகும். வெள்ளைச் சுவரில் அளந்து பார்த்துத் திருப்தி அடைவதில் பயனில்லை. 20, 50, 100 மீட்டர் குறிகளில் சாக்கை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் பத்து முறை அளந்து எழுதுங்கள். பத்தும் ஒரு மீட்டர் முன்பின்னாக வந்தால் நல்லது. எப்போதும் ஒரே மாதிரி இரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினால்கூடக் கழித்துக்கொள்ளலாம். 97, 104, 99, 111 என்று சிதறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதையே நடுப்பகலில் ஒருமுறை, சூரியன் மறைந்த பிறகு ஒருமுறை செய்ய வேண்டும்.

மலிவுக் கருவிகளில் அதிகம் கோளாறு வரும் இடம் வேறு. கண்ணில் தெரியும் குறியும் லேசர் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இதைப் பலரும் சோதிப்பதே இல்லை. வானத்தின் பின்னணியில் தனியாக நிற்கும் ஒரு கம்பத்தைச் சுமார் 100 மீட்டரிலிருந்து பாருங்கள். கருவியை ஒரு முக்காலியிலோ மணல் மூட்டையிலோ ஊன்றி, தொடர்ந்து அளக்கும் முறையில் வைத்து, குறியை இடப்பக்க வானத்திலிருந்து மெல்லக் கம்பத்தை நோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தில் எண் தோன்றுகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்று கவனியுங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து. இரு பக்கமும் சமமாக இருந்தால் லேசர் குறியின் நடுவில் இருக்கிறது. குறி கம்பத்தை விட்டு விலகி நிற்கும்போதுதான் எண் வருகிறது என்றால் அந்த விலகலைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல்கீழ் விலகலுக்கு ஒரு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பு போதும்.

இதே சோதனை கற்றையின் அகலத்தையும் காட்டிக்கொடுக்கும். லேசர் டயோடின் ஒளி வட்டமாக வருவதில்லை. ஒரு பக்கம் நீண்ட செவ்வகமாக வரும். விரிவு 3 மில்லிரேடியன் (ஆயிரம் மீட்டருக்கு 3 மீட்டர்) என்றால் 300 மீட்டரில் கற்றை 90 செ.மீ. நீளம். மானின் உடலைத் தாண்டி வழிகிறது என்று பொருள்.

வழிந்த ஒளி பின்னால் இருக்கும் மலைச்சரிவில் பட்டுத் திரும்பும். இங்கேதான் கருவியில் உள்ள இரண்டு அளவு முறைகள் பற்றிய குழப்பம் வருகிறது. கோல்ஃப் முறையில் கருவி மிக அருகில் உள்ள பொருளைச் சொல்லும், கொடிக்கம்பத்துக்கு அது சரி. வேட்டை முறையில் முன்னால் உள்ள புல்லையும் சுள்ளியையும் விட்டுவிட்டு, தொலைவில் உள்ளதைச் சொல்லும். 30 மீட்டரில் இலைக் கொப்பு ஒன்றை நட்டு, 80 மீட்டரில் சாக்கை வைத்து இரண்டு முறையிலும் பாருங்கள். முதலாவதில் 30, இரண்டாவதில் 80 வர வேண்டும். ஆனால் வேட்டை முறையில் சாக்கின் பின்னால் 140 மீட்டரில் மரவரிசை இருந்தால் 140 என்றும் வரலாம். அதனால் களத்தில் ஒரே அளவை நம்பாமல், விலங்கின் உடல், காலடி மண், பக்கத்து மரத்தண்டு என்று மூன்றை அளந்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரிவுக் கணக்கில் இதைவிட மோசமான பொறி உண்டு. மேலே பார்த்து எய்தாலும் கீழே பார்த்து எய்தாலும் புவியீர்ப்பு இழுப்பது கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்றபடிதான். 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் என்றால் குறிவைக்க வேண்டியது 34.6 மீட்டருக்கு. எந்தப் பக்கம் சரிந்தாலும் எண் குறையவே வேண்டும். கோல்ஃப் கணக்கோ மேட்டுக்குக் கூட்டும், பள்ளத்துக்குக் கழிக்கும். ‘கோல்ஃபுக்கும் வேட்டைக்கும்’ என்று விற்கும் பல கருவிகளில் சரிவுக்கேற்பத் தூரத்தைத் திருத்தும் வசதி கோல்ஃப் கணக்கு மட்டுமே. கண்டுபிடிப்பது சுலபம். தரையிலிருந்து ஒரு மாடியின் உச்சியை அளந்து பாருங்கள். திருத்திய எண் நேர்த்தூரத்தைவிடக் கூடினால் அது கோல்ஃப் கணக்கு. அந்த வசதியை அணைத்துவிட்டு, கோணத்தை மட்டும் படித்து நீங்களே பெருக்குங்கள்: 20 பாகைக்கு 0.94, 30க்கு 0.87, 45க்கு 0.71.

கஜமா மீட்டரா என்பதையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். 300 கஜம் 274 மீட்டர்தான். பேட்டரி மாற்றியதும் சில கருவிகள் தாமாகவே கஜத்துக்குப் போய்விடும். இந்த 26 மீட்டர் பிசகில் துப்பாக்கிக் குண்டுகூடச் சில அங்குலம் விலகிப் படும்.

விலங்குகள் வெளியே வருவது பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும். 6 மடங்கு உருப்பெருக்கமும் 21 மி.மீ. முன்வில்லையும் என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3.5 மி.மீ.; 25 மி.மீ. வில்லையில் 4.2. இந்த வேறுபாடு அந்தியில் தெரியும். எல்சிடி திரையுள்ள கருவியில் ஒளி அந்தத் திரையைத் தாண்டித்தான் கண்ணுக்கு வருவதால் காட்சி மங்கும். கறுப்புக் குறி கறுத்த புதரின் மேல் காணாமலே போகும். சிவப்பாக ஒளிரும் குறிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணல்ல. ஆனால் அதன் பிரகாசத்தைக் குறைக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் கண் கூசி விலங்கே தெரியாது.

மூடுபனியில் குறி எங்கே இருந்தாலும் பத்துப் பதினைந்து மீட்டர் என்றே காட்டினால் கருவி கெட்டுவிடவில்லை; நீர்த்துளிகளிலிருந்து ஒளி திரும்புகிறது. அன்றைக்கு அளவை நம்பாதீர்கள். நீர் தாங்கும் தரக் குறியீடு ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம். உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி கடுங்குளிரில் சட்டென்று சோர்ந்துவிடும். சிஆர்2 லித்தியம் பேட்டரி போடும் கருவி என்றால் பையில் ஒன்று கூடுதலாக வைத்து மாற்றிக்கொள்ளலாம். லேசர் ‘வகுப்பு 1’ (கண்ணுக்குத் தீங்கற்றது) என்ற முத்திரை இல்லாத கருவியை வாங்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கதிர் என்பதால் கண் தானாக இமைத்துத் தப்பிக்காது.

கடைசியாக, அந்திச் சோதனையை அறிந்த தூரங்களில் 50 மீட்டர் கூட்டிக்கூட்டி நீட்டிக்கொண்டே போங்கள். சாக்கின் மேல் பத்து முயற்சியில் குறைந்தது எட்டு முறை சரியான எண்ணைத் தந்த கடைசித் தூரம்தான் அந்தக் கருவியின் எல்லை. அதை ஒரு துண்டு ஒட்டுநாடாவில் எழுதிக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் குறி தவறாமல் எய்யவோ சுடவோ முடிந்த தூரம் அதைவிடக் குறைவென்றால் அந்த எண்ணை எழுதுங்கள்.