ஏசி அறைக்குள் என்ன காற்று?

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இரவு பத்து மணிக்கெல்லாம் யன்னல்களைச் சாத்திவிடுவோம். காலி வீதி இரைச்சல் ஒருபக்கம், நுளம்பு மறுபக்கம். ஏசியைப் போட்டதும் அறை குளிர்கிறது. காற்றும் சுத்தமாகிவிட்டது போலிருக்கிறது. ஆனால் வீடுகளில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கித் தருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பதடி உயரம்: சுமார் 30,000 லீற்றர் காற்று. நித்திரையில் ஒரு பெரியவர் மணிக்கு ஏறக்குறைய 12 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். இரண்டு பேர் என்றால் 24 லீற்றர், அதாவது பத்து இலட்சத்தில் 800 பங்கு. வெளிக்காற்றில் ஏற்கெனவே 420 பங்குக்குச் சற்று மேல் உண்டு. இடுக்கே இல்லாத அறையாக இருந்தால் ஒரே மணிநேரத்தில் 1,200ஐத் தாண்டிவிடும். கதவிடுக்குகள் இந்த வேகத்தைக் குறைக்கும், சரி. ஆனால் விடிவதற்கு இன்னும் எத்தனை மணிநேரம்! மூடிய அறைக்கு 1,000 பங்குதான் எல்லை என்று மியூனிக்கில் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1858இலேயே சொல்லியிருந்தார். அந்த எண்ணை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதைத் தாண்டினால் உடனே ஆபத்து என்றில்லை. புதுக்காற்று போதவில்லை, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்பதற்கு அது அடையாளம். காய்ச்சல், இருமல் பரவும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

இந்த வாயுவுக்கு மணமில்லை, மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதை அளக்கக் கருவி வேண்டும். அந்தக் கருவிக்குள் சிறு அறை ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணரி. 4.26 மைக்ரோமீற்றர் அலைநீள ஒளியைக் காபனீரொட்சைட்டு விழுங்கிவிடும். உணரிக்கு வந்துசேரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வாயு கூடியிருக்கிறது. மலிவான சில கருவிகளில் இந்த ஏற்பாடே இல்லை. வேறு ஆவிகளை அளந்துவிட்டு காபனீரொட்சைட்டை ஊகித்துக் காட்டும். குசினியில் தாளித்தாலே எண் எகிறும். வாங்கும்போது அகச்சிவப்பு உணரியா என்று கேளுங்கள்.

அப்புறம் புகை. ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. குழந்தை தூங்கும் அறையில் சுருளை ஏற்றி யன்னலையும் சாத்துவதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. சாம்பிராணியும் புகைதான், போடும்போது யன்னலைத் திறந்துவிடுங்கள். துகளை அளக்கும் கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகிறது. கொழும்பின் ஈரப்பதத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடுவதால் எண் கூடுதலாகக் காட்டும். அதனால் ஒரே கருவியை முதலில் பல்கனியிலும் பிறகு அறையிலும் வைத்து ஒப்பிடுவது நல்லது.

யன்னலைத் திறந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பின் வெளிக்காற்றிலேயே துகள் கூடும். திறந்தால் காபனீரொட்சைட்டு எண் இறங்கும், துகள் எண் ஏறும். இரண்டையும் அளந்தால்தான் எந்த நேரத்தில் திறப்பது என்று முடிவுசெய்யலாம்.

அலுவலகத்தில் ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை அளந்து பயனில்லை. கூட்ட அறை நிறைந்திருக்கும் பிற்பகலில் அளக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால், மத்திய ஏசியின் வெளிக்காற்று வழி அடைபட்டிருக்கிறதா என்று கட்டடப் பராமரிப்பாளரிடம் கேட்கலாம். ஜெனரேற்றர், கேஸ் ஹீற்றர் உள்ள இடத்துக்குக் காபனோரொட்சைட்டு (எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் நச்சு வாயு) எச்சரிக்கைக் கருவி தனியாக வேண்டும். மேலே சொன்ன இரு கருவிகளும் அந்த வாயுவைக் காட்டமாட்டா.