டிஎம்ஜே, டிஎம்டி: தாடை மூட்டுக் கோளாறுகளைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"எனக்கு டிஎம்ஜே இருக்கிறது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இருக்கத்தானே செய்யும்! காதுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக, எல்லோருக்கும் இரண்டு உண்டு. டிஎம்ஜே என்பது ஒரு மூட்டின் பெயர். முழங்கால் வலிப்பவர் மருத்துவரிடம் போய் "எனக்கு முழங்கால் இருக்கிறது" என்று சொல்வதில்லை. இங்கே மட்டும் மூட்டின் பெயரே நோயின் பெயராக நடமாடுகிறது. அந்த மூட்டிலும் அதை அசைக்கும் தசைகளிலும் வரும் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் டிஎம்டி. கடைசி டி, டிஸ்ஆர்டர் என்பதைக் குறிக்கிறது. கவனமாக எழுதுபவர்கள் அதைப் பன்மையில்தான் எழுதுவார்கள். அந்தப் பன்மை முக்கியமானது, அப்புறம் பார்ப்போம்.

முழுச்சொல் டெம்பொரோமேண்டிபுலார் ஜாயின்ட். பிரித்துப் பார்த்தால் மிரட்டல் குறைந்துவிடும். மேண்டிபுலா என்ற லத்தீன் சொல், மெல்லுதல் என்று பொருள்படும் மேண்டெரே என்ற வினையிலிருந்து வந்தது. மருத்துவத்தில் அது கீழ்த்தாடை எலும்பு. டெம்பொரா என்றால் நெற்றியின் பக்கவாட்டுப் பகுதி. காலத்தைக் குறிக்கும் டெம்புஸ் என்ற சொல்லோடு இதைச் சேர்த்து, நரை முதலில் எட்டிப்பார்க்கும் இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சுவையான கதைதான், ஆனால் சொற்பிறப்பு ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை.

தமிழில் அந்த இடத்துக்குச் சொற்பஞ்சம் கிடையாது. பேச்சில் அது பொட்டு. "பொட்டில் அறைந்தாற்போல்" என்கிறோமே, அதே பொட்டுதான். கலைச்சொல் எழுதுவோர் கடைநுதல் என்கிறார்கள். நுதல் என்றால் நெற்றி, அதன் கடைப்பகுதி கடைநுதல். சங்கப் பாடல்களில் யானையின் மதநீர் வழியும் இடம் கவுள். கண்ணுக்கும் காதுக்கும் இடையில்தான் அந்த மதநீர்ச் சுரப்பி திறக்கிறது. ஆக, லத்தீன்காரர் டெம்பொரா என்றதை ஒட்டியே நம் கவுளும் இருக்கிறது. மருத்துவச் சீட்டில் கவுள் என்று எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கடைநுதல் – கீழ்த்தாடை மூட்டு' என்று வரும். பிழையில்லை, ஆனால் வலியோடு இருப்பவர் வாயில் நுழையாது. தாடையில் அசையும் மூட்டு வேறு எதுவும் இல்லாததால் 'தாடை மூட்டு' என்றாலே போதும். மூட்டுதல் என்றால் இணைத்தல். துணியின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதையும் மூட்டுவது என்கிறோம். பேச்சில் தோள்பூட்டு என்பதைப்போல 'தாடைப்பூட்டு' என்று சொன்னாலும் புரியும்.

இனி நோயின் பெயர். 'தாடை மூட்டு வலி' என்று சுருக்கினால், வலியே இல்லாமல் வாய் திறக்க முடியாமல் போகிறவர் விடுபட்டுப்போவார். 'தாடை மூட்டு நோய்' என்றால் ஒரே நோய் என்ற எண்ணம் வந்துவிடும். அதோடு, வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் மூட்டில் அல்ல, மெல்லும் தசைகளில்தான். அதனால் 'தாடை மூட்டு – தசைக் கோளாறுகள்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. நீளம் பிடிக்காவிட்டால் 'தாடை மூட்டுக் கோளாறுகள்' போதும். ஆனால் அந்த 'கள்' விகுதியை விட்டுவிடாதீர்கள்.

அதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இந்தப் பெயரின் வரலாறு. 1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், காது வலி, காது அடைப்பு, தலைச்சுற்றல் போன்றவற்றைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மேலேறி, அக்கம்பக்கத்து நரம்புகளை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். கொஞ்ச காலம் 'காஸ்டன் நோய்க்குறித்தொகுப்பு' என்றே இது அழைக்கப்பட்டது. உடற்கூறு அறிந்தவர்கள் அந்த விளக்கம் பொருந்தாது என்று காட்டினார்கள். ஆனால் பல் கடிப்பை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை, சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை மட்டும் பல பத்தாண்டுகள் தங்கிவிட்டது. 1950-களிலும் 60-களிலும் கவனம் தசைகளின் பக்கம் திரும்பியது. 1980-களின் தொடக்கத்தில் வெல்டன் பெல் என்ற பல் மருத்துவர் முன்மொழிந்த பன்மைப் பெயர் நிலைத்தது. 2014-ல் வெளியான பன்னாட்டு நோயறி அளவுகோல், அடிக்கடி வரும் 12 கோளாறுகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது: தசை வலி, மூட்டு வலி, தட்டு விலகல், மூட்டுத் தேய்வு, மூட்டு நழுவல் என்று. இவை எல்லாம் ஒரே அளவு கடுமையானவை அல்ல, எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவமும் அல்ல.

கடுமையை அளக்க, மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் முதலில் கதவுக்கீல்போல் சுழல்கிறது. இன்னும் அகலத் திறந்தால் முன்னோக்கி வழுக்குகிறது. ஒரே மூட்டில் சுழற்சியும் நழுவலும். குமிழுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் நார்க்குருத்தெலும்பாலான ஒரு தட்டு, கூடவே நகர்கிறது. அந்தத் தட்டு முன்பக்கம் விலகியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறிக்கொள்ளும் நொடியில் ஒரு சத்தம் வரும். அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: சொடக்கு.

வலியில்லாத சொடக்குக்கு மருத்துவம் தேவையில்லை. இதை எவ்வளவு சொன்னாலும் பலர் நம்புவதில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகியிருப்பது தெரிந்தது. ஆகவே படத்தில் தெரிவது மட்டும் நோயின் கடுமையைச் சொல்லாது. நெடுநாள் கேட்ட சொடக்கு திடீரென்று நின்று, கூடவே வாயும் பாதிதான் திறக்கிறது என்றால், சொடக்கு போய்விட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. விலகிய தட்டின்மேல் குமிழால் ஏற முடியாமல் போயிருக்கலாம். அதைத் தாடைப் பிடிப்பு எனலாம். நாள் கடத்தாமல் காட்ட வேண்டிய நிலை அது. சொடக்குக்குப் பதில் நறநறவென்று மணல் அரைபடுவதுபோல் சத்தம் கேட்டால், மூட்டின் பரப்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

பெரியவர்களுக்கு முன்பற்களுக்கு இடையே 40 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்க, நடு மூன்று விரல்களையும் செங்குத்தாக அடுக்கி நுழைத்துப் பார்க்கலாம். இரண்டுதான் நுழைகிறது என்றால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது காலம்: மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. நாள்பட்ட வலி நரம்பு மண்டலத்தையே அதிகக் கூச்சம் உள்ளதாக மாற்றிவிடுகிறது. அந்நிலையில் மூட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. தூக்கம், சாப்பாடு, பேச்சு, வேலை இவற்றில் எது கெடுகிறது என்பதும் கடுமையின் அளவுகோல்தான். தலைவலி, கழுத்து வலி, மனச்சோர்வு சேர்ந்து வந்தால் குணமாக அதிக நாள் ஆகும். 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களிடம், அதிலும் பெண்களிடம், இக்கோளாறுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

இந்தப் பெயருக்குள் அடக்கிவிடக் கூடாத வலிகளும் உண்டு. நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; பல் மருத்துவரைத் தேடாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவருக்கு உணவை மெல்லும்போது தாடை அயர்ந்து வலிப்பது, புதிதாக ஒரு தலைவலி, தலை வாரினால் பொட்டுப் பகுதி நோவது, பார்வை மங்குவது என்றால், பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கக்கூடும். தாமதித்தால் பார்வையே போகலாம். காய்ச்சலும் வீக்கமுமாக வாய் இறுகினால் பல் தொற்றோ வேறு சீழ்க்கட்டியோ இருக்கலாம். காயத்துக்குப் பின் தாடை இறுகிப்போவது இரணஜன்னியின் (டெட்டனஸ்) முதல் அடையாளமாகவும் இருக்கும்.

தாடை கழலுவது இன்னொரு அவசரம். பெரிதாகக் கொட்டாவி விட்டு, திறந்த வாயை மூட முடியாமல் போவது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பப்பைரஸ் என்ற எகிப்திய ஏட்டிலேயே இதைச் சரிசெய்யும் முறை இருக்கிறது: கட்டைவிரல்களை வாய்க்குள் வைத்து, மற்ற விரல்களால் மோவாயைப் பிடித்துத் தள்ளுவது. இன்றும் அடிப்படையில் அதே முறைதான். ஆனால் அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

மற்றபடி பெரும்பாலான கோளாறுகள் எளிய கவனிப்பிலேயே தணிகின்றன. சில வாரங்கள் மென்மையான உணவு, வெதுவெதுப்பான ஒத்தடம், கொட்டாவியின்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்வது, மருத்துவர் சொன்னபடி குறுகிய காலத்துக்கு வலிநிவாரணி. எல்லாவற்றையும்விட, பகலில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தைக் கவனிப்பது. உதடு மூடியிருக்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்க வேண்டும். மெல்லவும் விழுங்கவும் மட்டுமே அவை சந்தித்தால் போதும்.

நாள்பட்ட வலிக்காக பிஎம்ஜே மருத்துவ இதழில் 2023-ல் வெளியான வழிகாட்டுதல், கற்றுக்கொடுத்துச் செய்யவைக்கும் தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் மூட்டை இயக்கித் தருவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. பரவலாகக் கொடுக்கப்படும், பற்களின்மேல் கழற்றி மாட்டும் கடிதட்டை அது அவ்வளவாக ஆதரிக்கவில்லை. கடிப்பை நிரந்தரமாக மாற்றிவிடும் கடிதட்டுகளையும், மூட்டுத் தட்டை வெட்டி எடுக்கும் அறுவையையும் வேண்டாம் என்றே சொன்னது. பல்லைக் கடைந்து, உறை போட்டு, கடிப்பையே மாற்றி அமைத்துத் தாடை வலியைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால், தயங்காமல் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். 1980-களில் மூட்டுத் தட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளைப் பொருத்தினார்கள். அவை சிதைந்து, சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றைப் பற்றி எச்சரித்துத் திரும்பப் பெறவைத்தது. அறுவை தேவைப்படுபவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் மிகச் சிலர்.

சரி, யாரிடம் போவது? காது வலிக்கிறது என்று பலர் முதலில் காது மருத்துவரிடம் போவார்கள். மூட்டுக்கும் காதின் முன்பகுதிக்கும் ஒரே நரம்பு உணர்வு கொடுப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. காதில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், அடுத்து பல் மருத்துவர். அங்கிருந்து வாய்–முக வலி நிபுணரோ, முகத்தாடை அறுவை மருத்துவரோ, இயன்முறை மருத்துவரோ தேவைப்படலாம். உள்ளே போனதும் "டிஎம்ஜே" என்று தொடங்காதீர்கள். சொடக்கா நறநறப்பா, எத்தனை விரல் நுழைகிறது, எத்தனை வாரமாக வலி, காலையில் எழும்போதா சாயங்காலமா, மெல்லும்போது கூடுகிறதா, இரவில் பல் கடிப்பதாக உடன் படுப்பவர் சொன்னாரா என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பன்மைப் பெயரில் உங்களுடையது எது என்பதை மருத்துவர் அதிலிருந்துதான் பிரித்தெடுப்பார்.