யார் முதலில் ஒட்டுவது?

"சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம்தான் ஆபரேஷன்" என்று, இடுப்பு மூட்டு மாற்றப் போன தன் அம்மாவை டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டதாக ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். மூட்டுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கேள்வி.

நிறையவே இருக்கிறது. முதல்முறை மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் கிருமித்தொற்று வருகிறது. ஆனால் வந்துவிட்டால், வைத்த மூட்டையே கழற்ற வேண்டிய நிலை வரலாம்.

1957இல் எலெக், கோனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது! ஒரு நூலுக்கே இப்படி என்றால், தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டுக்கு?

உலோகம் உள்ளே போனதுமே நம் ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. நம் செல்கள் வந்து பற்றிக்கொள்ள அதுதான் பிடிமானம். ஆனால் அதே புரதங்களைப் பிடிக்கும் கொக்கிகள் கிருமியிடமும் உண்டு. யார் முந்துகிறார் என்பதுதான் விஷயம். ஆன்டனி கிரிஸ்டினா என்ற அமெரிக்க மருத்துவர் 1987இல் இதைப் பந்தயம் என்றே வர்ணித்தார். நம் செல்கள் முந்தினால் இடம் நிரம்பிவிடும். கிருமி முந்தினால் கூட்டமாகப் பெருகி, தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதன் அடியில் சில கிருமிகள் வளராமல் தூங்கிக் கிடக்கும். வளரும் கிருமியைக் கொல்லத் தெரிந்த மருந்துகள் பல, தூங்குவதை விட்டுவிடும். விழுங்க வரும் வெள்ளணுவோ, தன்னைவிடப் பல மடங்கு பெரிய உலோகத்தோடு மல்லுக்கட்டியே ஆயுதத்தைத் தீர்த்துவிடுகிறது.

இதைத்தான் பலர் "உடம்புக்கு இரும்பு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விதியின்மேல் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கிருமி ஒட்டாத மேற்பரப்புக்கான ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். அது ஏறிக் கிடந்தால் வெள்ளணு மந்தமாகிவிடும். புகைபிடித்தால் காயத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். உடல் பருமன், முடக்குவாத மாத்திரைகள், மூட்டில் சமீபத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, ஏற்கெனவே ஒருமுறை திறந்த மூட்டு, நீண்டுபோகும் ஆபரேஷன் எல்லாமே கிருமியின் பக்கம்தான். மூக்குக்குள்ளேயே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை வைத்திருப்பவர்களும் உண்டு. பரிசோதித்தால் தெரியும், களிம்பு போட்டுக் குறைக்கலாம்.

அம்மா காத்திருக்கட்டும். ஆபரேஷன் முடிந்து சில நாளாகியும் கட்டு நனைந்துகொண்டே இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.