திரை ஒரு பங்கு வளர்ந்தால் பேட்டரி எத்தனை பங்கு வளரும்?

யாங்கூனிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கைக்கு அடக்கமான போன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, பெரிய போனைத்தான் எல்லோரும் தேடி வாங்குகிறார்கள், அது ஏன்?

தெரிந்த காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2011இல் சாம்சங் 5.3 அங்குலத்தில் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தது. அதன்பிறகு எல்லா நிறுவனங்களும் பெரிய திரைக்கு மாறின. பர்மாவிலோ 2014இல் சிம் அட்டை 1,500 சாட்டுக்கு (சாட் பர்மிய நாணயம்) கிடைக்கத் தொடங்கியபோது, பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினியே போன்தான். படம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, ஊரில் இருக்கும் உறவினர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எல்லாம் அதில்தான். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். நம் தமிழ்ச் சொற்களோ விகுதிமேல் விகுதி சேர்ந்து நீளுபவை. சிறிய திரையில் வரிக்கு இரண்டு சொல்கூட அமையாது. சட்டைப் பையில் அடங்காதே என்றால், இங்கே லுங்கியின் இடுப்பு மடிப்பில் எந்தப் போனும் நின்றுவிடுகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காரணம் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

போனின் அளவாக நாம் சொல்லும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். மூலைவிட்டம் கூடும்போது பரப்பு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளிக் கணக்கு. 2021இல் வந்த ஐபோன் 13 மினியின் திரை 5.4 அங்குலம், அதே ஆண்டின் 13 புரோ மேக்ஸ் 6.7 அங்குலம். மூலைவிட்டத்தில் வித்தியாசம் 24 விழுக்காடுதான். திரைப்பரப்பிலோ ஏறக்குறைய 54 விழுக்காடு.

இனிதான் அழகான பகுதி. இரண்டு போன்களின் தடிமனும் ஒன்றே, 7.65 மில்லிமீட்டர். முழு உடலின் பரப்பு மினியைவிட மேக்ஸில் சுமார் 49 விழுக்காடு அதிகம். அப்படியானால் பேட்டரியும் 49 விழுக்காடுதானே கூடியிருக்க வேண்டும்? மினியில் ஏறத்தாழ 2,400 மில்லி ஆம்பியர் மணி, மேக்ஸில் ஏறத்தாழ 4,350. எண்பது விழுக்காட்டுக்கும் மேல்! ஓரறை வீட்டுக்கும் நான்கறை வீட்டுக்கும் சமையலறை ஒன்று போதும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். செயலி (புராசசர்), நினைவகம், அலைவரிசைச் சில்லு, சார்ஜ் துளை ஆகியவற்றுக்கு வேண்டிய இடம் போன் பெரிதானதால் கூடிவிடுவதில்லை. கேமரா கொஞ்சம் பெரிதாகலாம், அவ்வளவுதான். கூடுதலாகக் கிடைக்கும் இடத்தின் பெரும்பகுதி பேட்டரிக்கே போகிறது.

மின்சாரச் செலவிலும் இதே கணக்குதான். பெரிய திரை கூடுதல் மின்சாரம் கேட்கும், உண்மை. ஆனால் செயலியும் அலைவாங்கியும் திரை எவ்வளவு பெரிது என்று பார்த்துச் செலவழிப்பதில்லை. வரவு வேகமாகக் கூட, செலவு மெதுவாகக் கூடுகிறது. ஆப்பிள் தரும் கணக்கின்படி மினியில் 17 மணி நேரம் வீடியோ பார்க்கலாம், மேக்ஸில் 28 மணி நேரம். மின்சாரம் முறை வைத்து வந்துபோகும் யாங்கூனில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. பக்கத்துச் செல்போன் கோபுரம் மின்சாரமின்றி ஓய்ந்துவிட்டால் போன் தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காக அதிக ஆற்றலுடன் அலை அனுப்ப வேண்டியிருக்கும். பேட்டரி இன்னும் விரைவாக இறங்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி, போனின் முதுகில் ஒட்டும் வில்லைகளை விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வில்லை உண்மையிலேயே அலையைத் தடுத்தால், போன் தன் ஆற்றலைக் கூட்டித்தான் கோபுரத்துடன் பேசும். தடுக்கவில்லையென்றால் வெறும் காகிதத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

உடலைப் பெரிதாக்கித்தான் பேட்டரியைப் பெரிதாக்க வேண்டுமா? வேதியியல் மெதுவாக நகர்வதால் வேறு வழியில்லை. லித்தியம் அயனி பேட்டரியை சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் சில்லுகளின் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்தது. அதே எடையுள்ள பேட்டரி தேக்கும் ஆற்றலோ சில மடங்குதான் கூடியிருக்கிறது. இந்த பேட்டரிக்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. பொருளறிவியல் ஆராய்ச்சி பத்தாண்டுக் கணக்கில் பொறுமை கேட்கும். ஆண்டுக்கு ஆண்டு லாபக்கணக்கு பார்ப்பவர்களிடம் அதை ஒப்படைக்க முடியாது. அரசுகள்தான் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட வாசகிக்கு ஒரு யோசனை: அங்குலத்தைப் பார்க்காமல் அகலத்தைப் பாருங்கள். கை பிடிப்பது அகலத்தைத்தான். 2014இன் ஐபோன் 6 பிளஸ் 5.5 அங்குலத் திரைக்கு 77.8 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. 6.1 அங்குலத் திரையுள்ள ஐபோன் 13இன் அகலம் 71.5 மில்லிமீட்டர்தான், ஏனென்றால் இப்போதைய திரைகள் நீளவாக்கில் வளர்கின்றன, விளிம்புப் பட்டையும் மெலிந்துவிட்டது. கடைக்காரரிடம் அகலம் 72 மில்லிமீட்டருக்குள் இருக்கும் போன்களைக் காட்டச் சொல்லுங்கள்.