மணிக்கட்டா, தொடையா?

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு ஆஞ்சியோ பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொடையில் செய்தார்கள், சித்தப்பாவுக்குக் கையில். அப்பா தவில் வாசிப்பவர். கையில் வேண்டவே வேண்டாம் என்கிறார். இதையெல்லாம் நாம் டாக்டரிடம் சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

ஆஞ்சியோ என்றால் தமனிக்குள் மெல்லிய குழாயை விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களைப் பார்ப்பது. எந்தத் தமனியில் நுழைந்தாலும் குழாய் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியான மகாதமனிக்குப் போய், அங்கிருந்து இதயத்தின் ரத்தக் குழாய் வாயைத் தொட்டுவிடும். தொடைத் தமனி அகலமானது, நுழைவது சுலபம். மணிக்கட்டுத் தமனி 2 முதல் 3 மில்லிமீட்டர்தான், தொட்டால் சுருங்கிக்கொள்ளும். அதனால் சுருக்கத்தைத் தளர்த்தும் மருந்தை உள்ளே விடுவார்கள். மணிக்கட்டு வழி ஆஞ்சியோவைப் பற்றி 1989இல் எழுதியவர் கனடாவின் லூசியன் காம்போ. 1990களின் தொடக்கத்தில் அதே வழியில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக் காட்டினார் நெதர்லாந்தின் கீமெனெய்.

கைவழியையும் தொடைவழியையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 7,021 நோயாளிகள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசமில்லை. குத்திய இடத்துத் தமனியில் வரும் பெரிய சிக்கல் மட்டும் தொடையில் 3.7 சதவீதம், கையில் 1.4. மணிக்கட்டுக்கு அடியில் எலும்பு இருக்கிறது, அழுத்தினால் ரத்தம் நிற்கும். தொடையில் கசிவது வயிற்றின் பின்பக்கம் தேங்கினால் வெளியே தெரியாது. அடுத்த முறை எந்த வழி வேண்டும் என்று கேட்டபோது, கைவழி செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கையையே சொன்னார்கள். இதில் வியப்பில்லை. தொடை என்றால் பல மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும், சிறுநீரும் படுத்தபடியே. நம் ஊர்ப் பெண்களுக்குக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

சரி, கையில் அந்தத் தமனி அடைபட்டால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாடி பார்க்கும் தமனி கட்டைவிரல் பக்கம். சுண்டுவிரல் பக்கம் இன்னொன்று உண்டு. இரண்டும் உள்ளங்கைக்குள் வளைந்து சேர்கின்றன. இரண்டு வாய்க்கால் பாயும் வயலில் ஒன்றை அடைத்தாலும் மற்றது தண்ணீர் தருவதுபோல்தான். கொரோனா காலத்தில் பழகிய ஆக்சிமீட்டரைக் கட்டைவிரலில் மாட்டி, நாடித் தமனியை அழுத்தினால் திரையில் அலை சற்றுத் தாழலாம். பெரும்பாலோருக்கு அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், சிலருக்கு மட்டும் நின்று, சற்று நேரத்தில் மெல்ல எழும். சுண்டுவிரல் பக்கத்து ரத்தம் உள்ளங்கையைக் கடந்து கட்டைவிரலுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

சிகிச்சை முடிந்ததும் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். முன்பு ஓட்டமே நிற்கும்படி இறுக்கினார்கள். நின்ற ரத்தம் உறைந்து தமனி அடைபடும். கைக்கு ஆபத்து அரிது, ஆனால் அடுத்த முறைக்கு அந்த வழி போய்விடும். இப்போது துளையில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்வரை காற்றை இறக்கி, கொஞ்சம் மட்டும் திரும்ப ஏற்றுகிறார்கள். அப்புறம் அதே ஆக்சிமீட்டர். இம்முறை அழுத்துவது சுண்டுவிரல் பக்கத் தமனியை. அப்போதும் அலை வந்தால், பட்டைக்கு அடியிலேயே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. துளை மூடியிருக்கிறது, ஓட்டமும் நிற்கவில்லை. புதுக் கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, பார்த்து அழுத்தும் விரல்கள் போதும்.

நாடி ஓடும் இடத்தில் குத்தினால் ஆயுசு குறையும், கை விளங்காமல் போகும் என்று பயமுறுத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முதல் பேச்சுக்கு அடிப்படையே இல்லை, இரண்டாவது மிக அரிது. தவில்காரர் கேட்பது வேறு. வலது விரல்களில் கூடு, இடது கையில் கோல். இரண்டு கையும் பிழைப்பு. கைவழி செய்தால் சில நாள் பளு தூக்கக் கூடாது, முகூர்த்த நாட்களில் அது வருமானத்தில் கை வைக்கும். டாக்டர் இதைக் கேட்டு எடைபோட வேண்டும். மாரடைப்போடு வந்தவரிடம் பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது. நாள் குறித்து வருகிறவரிடம் இருக்கிறது. நடவு, அறுப்பு, நெசவு என்று கையை நம்பியவர்கள் நிறைந்த காவிரி டெல்டாவில் நோயாளிகளின் விருப்பத்தை முறையாகக் கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பெரிய செலவும் இல்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் டயாலிசிஸ் தேவைப்பட்டால், அதற்கான இணைப்பை அமைக்க அதே மணிக்கட்டுத் தமனி வேண்டியிருக்கும்.