மரதன் முடிந்து வரும் தடிமன்

தை, மாசி வந்தால் திருகோணமலைப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். மரதன் ஓடிய இரண்டு மூன்று நாளில் சில பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்துவிடும். அடுத்த வருடம் அம்மாமார் முன்கூட்டியே பாமசியில் விற்றமின் சி குளிசை வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தக் குளிசை ஏதாவது செய்யுமா?

கடுமையாக ஓடும்போது அட்ரினலின் சுரந்து, வெண்குருதிக் கலங்களைக் கூட்டங்கூட்டமாக இரத்தத்துக்குள் இறக்குகிறது. ஓடி முடித்து ஓரிரு மணித்தியாலத்தில் அவற்றில் சில வகைகள் வழக்கத்தைவிடக் குறைந்துவிடும். கிருமிக்குக் கதவு திறந்துவிட்டது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் விடியற்காலையில் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களைக் காணவில்லை என்றால் அவை மூழ்கிவிட்டனவா என்ன? தொழிலுக்குப் போயிருக்கும். இந்தக் கலங்களும் நுரையீரல், குடல் பக்கம் காவலுக்குப் போகின்றன என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன.

சரி, அப்படியானால் தடிமன் ஏன்? 1987 லொஸ் ஏஞ்சல்ஸ் மரதனுக்குப் பிந்திய வாரத்தில், ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் நோய்ப்பட்டதாகச் சொன்னார்கள். பதிந்துவிட்டு ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். சனநெரிசல், பயணம், பதற்றம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

வெண்குருதிக் கலங்கள் விற்றமின் சியைப் பல மடங்கு சேர்த்து வைத்திருப்பவை. கிருமியை எரிக்க அவை மூட்டும் தீ தங்களையே சுட்டுவிடாமல் காப்பது அதுதான். தென்னாபிரிக்காவில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடும் கொம்ரேட்ஸ் ஓட்டக்காரர்களுக்கு மூன்று வாரம் தினமும் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 1993இல் வெளியான முடிவு: வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 68 சதவீதம் பேருக்குத் தடிமன் அறிகுறிகள், விற்றமின் எடுத்தவர்களில் 33 சதவீதம். இப்படி உடம்பை வருத்துகிற 598 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஆபத்து பாதியானது. சாதாரணமாக வாழ்கிறவர்களிடமோ தடிமன் வருவது குறையவே இல்லை. பாடசாலை மரதன் 90 கிலோமீற்றர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2009இல் வந்த ஓர் ஆய்வில், பயிற்சிக் காலத்தில் தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் கூடவே விற்றமின் ஈயும் எடுத்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்காமலே போனது. பயிற்சியின்போது தசைக்குள்ளும் அப்படியொரு தீப்பொறி எழும். அதுதான் தசைக்கு 'வலுப்பெறு' என்று சொல்லும் சைகை; குளிசை அதையும் அணைத்துவிடலாம். 100 கிராம் கொய்யாப்பழத்திலேயே சுமார் 200 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. பிறகு எதற்குப் பெரிய குளிசை?

அம்மாமாரிடம் நான் கேட்பது பிள்ளையின் நித்திரையைப் பற்றித்தான். 2015இல் வெளியான ஆய்வொன்றில் 164 பேரின் மூக்கில் தடிமன் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.