ஜெராக்ஸ் எந்திரத்தில் உலர்ந்திருப்பது எது?

ஆங்கில அகராதியில் எக்ஸ் எழுத்துக்குரிய பகுதி மிகச் சில பக்கங்களில் முடிந்துவிடுவதும், அங்குள்ள சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க வேர் கொண்ட அறிவியல் சொற்களாக இருப்பதும் ஏன் என்று ஒரு மாணவி எழுதிக் கேட்டிருந்தார். ஜெராக்ஸ் என்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சொல்தானா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. 'க்ஸ்' என்ற ஒலியோடு சொல்லைத் தொடங்குவது ஆங்கிலத்தின் இயல்பன்று; கிரேக்கத்துக்கு அது இயல்பு. புதிய பொருள்களுக்கும் உறுப்புகளுக்கும் பெயர் தேடிய அறிஞர்கள் கிரேக்கத்தை நாடியபோது அத்தகைய சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து, முதலொலி மட்டும் மென்மையாயின. தாவரத்தின் நீர்க்குழாய்த் திசுவான சைலம் மரக்கட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டறிந்த செனான் வாயு அயலாரைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், இலையின் மஞ்சள் நிறமியான சாந்தோஃபில் மஞ்சளைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் பிறந்தன.

ஜெராக்ஸும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. 'க்ஸீரோஸ்' என்றால் உலர்ந்தது. 'கிராஃபைன்' என்றால் எழுதுதல். இரண்டையும் இணைத்து 'ஜெராகிராஃபி' என்ற பெயரை முன்மொழிந்தவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் செம்மொழிப் பேராசிரியர் ஒருவர். அதுவரை ஒளிப்பட முறையில் ஆவணங்களை நகலெடுக்க வேதிக்கரைசலில் தாளை நனைத்து, கழுவி, காயவைக்க வேண்டியிருந்தது. ஈரமே படாமல் நகலெடுக்கலாம் என்பதுதான் புதுமை; பெயரும் அதையே சொல்கிறது.

அந்தப் புதுமைக்கு உரியவர் செஸ்டர் கார்ல்சன். நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிய அவருக்கு, ஆவணங்களுக்குப் போதிய படிகள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 1938 அக்டோபர் 22 அன்று, அதே நகரின் அஸ்டோரியா பகுதியில் எடுத்திருந்த சிறிய அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் அவர் செய்த சோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டில் துணியால் தேய்த்து மின்னூட்டினார்கள். அன்றைய தேதியையும் அஸ்டோரியா என்ற ஊர்ப்பெயரையும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்துச் சில நொடிகள் விளக்கொளி காட்டினார்கள். பிறகு பெரணிக்கு உறவான லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி ஊதியதும் தகட்டில் எழுத்து நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றியெடுத்ததே உலகின் முதல் ஜெராக்ஸ் நகல்.

பின்னர் கந்தகத்தின் இடத்துக்குச் செலீனியம் வந்தது. இருட்டில் அது மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. ஒளி பட்டால் கடத்தும். உலோக உருளைமேல் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் தடிமனில் பூசிய செலீனியத்தின் மேற்பரப்புக்கு, உயர் மின்னழுத்தக் கம்பி ஒன்று இருட்டில் நேர் மின்னூட்டத்தைத் தருகிறது. மூலத்தாளின் வெள்ளைப் பகுதிகளிலிருந்து தெறிக்கும் ஒளி விழுந்த இடங்களில் மின்னூட்டம் உலோகத்தின் வழியே வடிந்துவிட, கறுத்த எழுத்துகளுக்கு உரிய இடங்களில் மட்டும் அது தங்குகிறது. எதிர் மின்னூட்டம் பெற்ற டோனர் என்னும் கறுப்பு மைத்தூள் அங்கே ஒட்டுகிறது. பின்புறமாக மின்னூட்டம் பெற்ற தாள் அதை இழுத்துக்கொள்ள, சூடான உருளை தூளை உருக்கிப் பதிக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கைக்கு வரும் தாள் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

இவ்வளவும் பல நூல்களில் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. தொடக்கக் கால எந்திரங்களில் தடித்த கறுப்புப் பட்டையை நகலெடுத்தால் ஓரங்கள் மட்டும் நன்றாகக் கறுத்து, நடுப்பகுதி வெளிறிவிடும். பட்டை முழுவதும் மின்னூட்டம் ஒரே சீராக இருந்தும் டோனர் நடுவில் ஏன் ஒட்டவில்லை?

துகளை இழுப்பது, அது நிற்கும் இடத்தில் நிலவும் மின்புலம். செலீனியத்தின் மேலே நேர் மின்னூட்டம் அமரும்போது, அதற்கு நேர் கீழே உலோகத்தின் பரப்பில் அதே அளவு எதிர் மின்னூட்டம் தூண்டப்படுகிறது. பள்ளியில் படித்த இணைத்தட்டு மின்தேக்கியே இது: இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் வலிமையான புலம், வெளியே இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் புலம் ஏறக்குறைய இல்லை. டோனர் இருப்பதோ வெளியே. பட்டையின் ஓரத்தில் மட்டும் புலக்கோடுகள் வெளிப்பக்கம் வளைந்து வருவதால், துகள் அங்கே மட்டும் இழுக்கப்படுகிறது. மெல்லிய எழுத்துக்கோட்டுக்கு ஓரங்களைத் தவிர உடலே இல்லை என்று சொல்லலாம்; ஆகவே தட்டச்சுக் கடிதங்கள் அழகாக வந்தன, நிழற்படங்கள் பாழாயின.

தீர்வாக, உருளைக்கு மிக அருகில் ஓர் உலோகத் தகட்டை நிறுத்தினார்கள். கீழ்நோக்கி மட்டுமே சென்ற புலக்கோடுகளில் ஒரு பகுதி இப்போது மேலே உள்ள தகட்டை நோக்கிச் செல்கிறது. பட்டையின் நடுவிலும் வெளிப்புலம் பிறக்கிறது. டோனர் அங்கும் படிகிறது. மின்னூட்டத்தைக் கூட்டாமல், அதன் புலத்துக்குப் போக இன்னொரு திசையைக் காட்டியே சிக்கலைத் தீர்த்தார்கள்.

கார்ல்சனின் கருத்தை இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மறுத்தன. 1944இல் பட்டெல் ஆய்வு நிறுவனமும், பின்னர் ரோச்செஸ்டர் நகரின் ஹாலாய்ட் நிறுவனமும் (பிற்காலத்தில் ஜெராக்ஸ் என்று பெயர் மாறியது இதுதான்) பொறுமையோடு துணை நின்றதால்தான், அந்த முதல் சோதனைக்கு 21 ஆண்டுகள் கழித்து, 1959இல், 914 என்ற எந்திரம் வெளிவந்தது. அதற்கும் முன்னால், 1873இல் வில்லபி ஸ்மித் கடலடித் தந்திக் கம்பியைச் சோதிக்கப் பயன்படுத்திய செலீனியத்தின் மின்தடை ஒளியில் மாறுவதைக் குறித்துவைத்திராவிட்டால் இவை எவையும் நடந்திரா. மூன்று ஆண்டுகளில் பயன் காட்டாத ஆய்வுக்கு நிதி இல்லை என்பது போன்ற விதிகள் எத்தனை கார்ல்சன்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

இன்றைய லேசர் அச்சுப்பொறிகளில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. எழுத்து வரவேண்டிய இடத்தில்தான் லேசர் விழுந்து மின்னூட்டத்தை வடிக்கிறது. டோனருக்கும் உருளைக்கும் ஒரே வகை மின்னூட்டம். டோனரை ஏந்திவரும் உருளையின் மின்னழுத்தம், ஒளி பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் இடைப்பட்டதாக வைக்கப்படுவதால், தூள் ஒளி பட்ட இடத்துக்கு மட்டும் தள்ளப்படுகிறது. வெளிறிய பட்டைகளைக் கறுப்பாக்க அன்று அருகில் நிறுத்திய தகட்டின் வேலையை இன்று செய்வது இந்த உருளையே. அதன் மின்னழுத்தம் தவறினால் தாள் முழுவதும் கறுத்துப்போகலாம், அல்லது ஒன்றுமே பதியாமலும் போகலாம்.